பொம்மையைப் பார்த்துச் சிரிக்கிற பிள்ளைகள்

அயனாவரம், சென்னை

அன்புள்ள செல்விக்கு,

அம்மா எழுதுகிறேன். போன் பண்ணினால் 'லேப்ல இருக்கேம்மா' என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம். நீ நர்சிங் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற ஸ்கில் லேபில், நோயாளிக்குப் பதிலாகப் படுக்கவைத்துப் பழகுகிற பொம்மையைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள் என்று புலம்பினாயே, அதைப் பற்றித்தான்.

போன வாரம் நானே நோயாளியாக நடித்துவிட்டு வந்தேன். என்னோடு வேலை பார்த்த ஒருத்தி இப்போது இங்கே நர்சிங் டியூட்டர். 'அக்கா, ஒரு மணி நேரம் மூச்சுத்திணறலோடு படுத்துக் கிடக்கணும், வர்றீங்களா' என்றாள். போனேன். என்னைக் கவனிக்க வந்த மாணவி கைப்பட்டையைப் பார்த்தாள், நாடி பிடித்தாள், விரலில் ஆக்சிஜன் கிளிப் மாட்டினாள், எல்லாம் சரி. என் முகத்தை மட்டும் பார்க்கவே இல்லை. மூச்சு வாங்குகிறவளை மல்லாக்கப் போட்டுவிட்டு நின்று சார்ட் எழுதுகிறாள்! நடிப்பு என்பதே மறந்து எனக்குக் கோபம் வந்துவிட்டது.

முடிந்ததும் எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து, முதலில் அவளையே பேசவிட்டார்கள். 'பாட்டி தவிச்சது தெரிஞ்சுது மேடம், ஆனா அடுத்து என்ன எழுதணும்ங்கிறதுலயே மனசு போயிடுச்சு' என்றாள். (பாட்டியாம்!) யாரும் திட்டவில்லை. மறுபடி செய்தபோது வந்ததும் தலைமாட்டை உயர்த்தினாள். நேரமில்லை என்று இந்தப் பேச்சை மட்டும் நீ விட்டுவிடாதே.

நாங்கள் படித்தபோது எங்களுக்கு ஊசி போட்டுப் பழக ஆரஞ்சுப் பழத்தில் ரெண்டு குத்து, அப்புறம் நேரே வார்டுதான். என் முதல் வென்ஃப்ளான், அதுதான் மருந்து ஏற்ற நரம்பில் போடுகிற ஊசிக்குழாய், ஒரு மூட்டை தூக்குகிற அண்ணனுக்கு. நரம்பு கயிறு மாதிரி தெரிந்தும் மூன்று தடவை தவறவிட்டேன். போர்வையெல்லாம் ரத்தம். சிஸ்டர் வார்டே கேட்கத் திட்டினார். அந்த அண்ணன்தான் 'விடுங்க, புதுசுதானே' என்று மறு கையை நீட்டினார். அதற்கப்புறம் பல மாதம் வென்ஃப்ளானை எடுத்தாலே எனக்குக் கை நடுங்கும்.

உன் லேபில் ரப்பர் கைக்குள் சிவப்புச் சாயத் தண்ணீர்தான். பத்துத் தடவை தவறினாலும் யாருக்கும் வீங்காது. ஆனால் அந்தக் கை வெடுக்கென்று இழுத்துக்கொள்ளவும் செய்யாது. கட்டிலுக்குப் பின்னால் நின்று 'ஐயோ சிஸ்டர், வலிக்குது' என்று நீதான் குரல் கொடுக்க வேண்டும்.

நெஞ்சை அழுத்தி, மூச்சு ஊதி உயிர் காக்கிற சி.பி.ஆர். முறையைப் பழகுகிற பொம்மையைப் பார்த்துச் சிரித்தால் அதன் கதையைச் சொல். 1960-ல் நார்வேயில் லேர்டல் என்கிற பொம்மைக்காரர் செய்தது. அதன் முகம், பாரிசில் செய்ன் ஆற்றில் மூழ்கிச் செத்ததாகச் சொல்லப்படுகிற, பெயர் தெரியாத ஒரு பெண்ணின் முக அச்சு. 30 அழுத்தம், 2 மூச்சு, ஆழம் 5 செ.மீ. என்று பிள்ளைகள் கடகடவென ஒப்பித்துவிடுவார்கள். அதற்கு முன்னால் தோளைத் தட்டி 'அம்மா, அம்மா, கேக்குதா' என்று கூப்பிடுகிறார்களா பார். வாய்க்குள் முணுமுணுத்தால் மறுபடி கூப்பிடச் சொல்.

அடுத்த மாதம் எனக்குச் சர்க்கரை இறங்கி மயங்குகிற வேஷமாம். வேர்வைக்கு முகத்தில் தண்ணீர் தெளிப்பார்களாம். 'அதுக்கெதுக்கு ஒத்திகை, நீ காபிக்கு லேட்டானாலே மயங்குறவதானே' என்கிறார் உன் அப்பா.

அன்புடன்,
அம்மா