ஃபால்ட் கோடை அழிக்கும் முன் ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கொடுங்கள்

கார் கம்பெனிகளின் வாரண்டிப் பிரிவு அதிகாரிகளுக்கும் அங்கீகார சர்வீஸ் சென்டர் மேலாளர்களுக்கும்,

வணக்கம்.

சென்ற வாரம் எங்கள் பட்டறைக்கு ஒரு வண்டிக்காரர் கொண்டுவந்த சர்வீஸ் சென்டர் எஸ்டிமேட்தான் இந்த மடலை எழுத வைத்தது. வண்டி ஓடிச் சூடானதும் நின்றுவிடும். அரை மணி நேரம் ஆறவிட்டால் ஸ்டார்ட் ஆகும். வாரண்டி இருந்த காலத்திலேயே இரண்டு முறை சர்வீஸ் சென்டருக்குப் போயிருக்கிறது. இரண்டு ஜாப் கார்டிலும் ஒரே வரி: 'ஸ்கேன் செய்து கோடு அழிக்கப்பட்டது, வண்டி சரியாக உள்ளது.' (கோடு என்பது பழுதைக் கண்டதும் வண்டியின் கம்ப்யூட்டர் பதிவு செய்யும் ஃபால்ட் எண்.) மூன்றாவது முறை போனபோது வாரண்டி முடிந்து நாற்பது நாள் ஆகிவிட்டது. இப்போது இசிஎம் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்), எஞ்சின் வயரிங், கிராங்க் சென்சார் (எஞ்சின் சுழலும் நிலையை அதற்குச் சொல்வது), புரோகிராமிங் என்று எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பணம் கேட்கிறீர்கள்.

இந்தப் பழுதின் குணம் எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். காயில் வகை கிராங்க் சென்சாருக்குள் சுற்றியிருப்பது முடியளவு மெல்லிய கம்பி. அதில் எங்காவது விரிசல் இருந்தால் சூட்டில் விலகும், ஆறியதும் மறுபடி தொட்டுக்கொள்ளும். சிக்னல் போன நொடியில் பிஸ்டன் எங்கே இருக்கிறது என்று இசிஎம்முக்குத் தெரியாது; டீசல் அடிப்பதை நிறுத்திவிடும். கிராங்க் சென்சார் பழுதைக் குறிக்கும் பி0335 என்ற கோடு விழும். ரெக்கவரி வண்டியில் ஏற்றி உங்கள் வாசலில் இறக்குவதற்குள் எஞ்சின் ஆறிவிடுகிறது. அப்போது ஓம் (மின்தடை) பார்த்தால் அளவு சரியாகத்தான் காட்டும். காயிலுக்குப் பதில் சிப் உள்ள ஹால் வகை சென்சாரும் சூட்டில் இப்படியே கைவிடும். அதை ஓம் மீட்டரால் பிடிக்கவே முடியாது.

வண்டி நின்ற நொடிக்கு ஒரே சாட்சி, கோடோடு சேர்ந்து பதிவாகும் ஃப்ரீஸ் ஃபிரேம்தான். ஆர்பிஎம் எவ்வளவு, கூலன்ட் சூடு எவ்வளவு, வண்டி என்ன வேகத்தில் போனது எல்லாம் அதில் இருக்கும். கோடை அழிக்கும் பட்டனை அமுக்கினால் அதுவும் சேர்ந்து போய்விடும். வாரண்டி கேட்டு வருபவரின் கையில் இருக்க வேண்டிய ஆதாரத்தை உங்கள் டெக்னீஷியன் ஒரே அமுக்கலில் துடைத்துவிட்டு, 'பழுது தென்படவில்லை' என்று எழுதுகிறார். ஸ்கேனிங் சார்ஜையும் டோயிங் வாடகையையும் வண்டிக்காரர் கட்டிவிட்டுப் போகிறார். இது நியாயமா?

அதனால்தான் கேட்கிறோம்: கோடை அழிக்கும் முன் ஃப்ரீஸ் ஃபிரேமோடு ஸ்கேன் ரிப்போர்ட்டை அச்செடுத்து, தேதியும் கிலோமீட்டரும் போட்டு, ஜாப் கார்டோடு கொடுங்கள். வாரண்டிக் காலத்தில் பதிவான பழுது பிறகு திரும்பி வந்தால், முதலில் புகார் கொடுத்த தேதியையே கணக்கில் எடுங்கள்.

இசிஎம்மை மாற்றச் சொல்வதில் காட்டும் அவசரமும் கவலை தருகிறது. பல சென்சார்களுக்கு ஒரே 5 வோல்ட் லைன் போகிறது. அதில் ஒரு பிரஷர் சென்சார் உள்ளே ஷார்ட் ஆனால் போதும், லைன் முழுக்கப் படுத்துவிடும். அந்த லைன் பழுதைக் குறிக்கும் பி0641-உம் அதோடு நாலைந்து சென்சார் கோடுகளும் ஒன்றாக விழும். பார்ப்பவருக்கு இசிஎம்மே போய்விட்டது போலத் தோன்றும். இக்னிஷனை ஆனில் வைத்து, அந்த லைனில் மல்டிமீட்டரைப் பிடித்துக்கொண்டு, சென்சார் கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்புகிறதோ அதில்தான் கோளாறு. எல்லாவற்றையும் கழற்றியும் திரும்பவில்லை என்றால் வயரிங்கைப் பாருங்கள். இசிஎம் முனையில் அந்த வயரைப் பிரித்த பிறகும் 5 வோல்ட் வராவிட்டால், அதன் சப்ளையும் எர்த்தும் சரியா என்று பார்த்துவிட்டுத்தான் இசிஎம்மைச் சந்தேகிக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது பேட்டரி நெகட்டிவுக்கும் இசிஎம் எர்த் பின்னுக்கும் இடையே 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தில்தான் குறை. அதற்குப் புது இசிஎம் மருந்தாகாது.

போட்டுப் பார்த்துச் சரியாகாத பார்ட்டுக்கும் பில் போடுவதை நிறுத்துங்கள். பெரும்பாலான வண்டிகளில், திருட்டைத் தடுக்கும் பூட்டான இம்மொபிலைசரோடு பொருத்தி புரோகிராம் செய்யாமல் இசிஎம் வேலை செய்யாது. வண்டிக்காரர் வேறு ஒன்றை வெளியில் வாங்கிப் போட்டுப் பார்க்க வழியே இல்லை. அந்தப் பூட்டுச் சாவி முழுக்க உங்கள் கையில் இருக்கும்போது, பழுதை நிரூபிக்கும் கடமையும் உங்களுடையதுதான்.

அடுத்தது, 'தண்ணீர் போயிருக்கிறது, வாரண்டி கிடையாது' என்ற பதில். கனெக்டரைக் கழற்றிக் கண்ணால் பாருங்கள். வெள்ளத்தில் மூழ்கிய வண்டி என்றால் சேற்றுக்கோடு இருக்கும். கார்ப்பெட்டுக்கு அடியில் மண் படிந்திருக்கும். பக்கத்து கனெக்டர்களிலும் கறை தெரியும். மற்ற பின்கள் பளபளவென்று இருக்க, ஒரே ஒரு பின்னில் மட்டும் பச்சைக் களிம்பு பூத்திருந்தால், அந்த வயரைச் சுற்றியுள்ள ரப்பர் சீல் சரியாக உட்காரவில்லையோ என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். சீல் குறை கம்பெனிக் குறை. அதை மழையின் தலையில் கட்டக் கூடாது.

வெளியே சர்வீஸ் செய்தீர்கள், வெளியே லைட் மாட்டினீர்கள் என்று மொத்த வாரண்டியையும் மறுப்பதும் தொடர்கிறது. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் கம்பெனிகள் மீது பிறப்பித்த உத்தரவிலேயே, வெளிப்பட்டறைக்குப் போனதற்காக வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யக் கூடாது, வெளியில் தவறாகச் செய்த வேலையால் ஏற்பட்ட சேதத்தின் அளவுக்கு மட்டுமே மறுக்கலாம் என்று சொல்லிவிட்டது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமோ, நுகர்வோருக்குரிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் சேவைக் குறைபாடு என்றே சொல்கிறது. ஸ்கேன் ரிப்போர்ட் அந்தத் தகவல் இல்லாமல் வேறு என்ன?

கடன் வாங்கி வண்டி எடுத்தவர், எக்ஸ்டென்டட் வாரண்டிக்கும் தனியாகப் பணம் கட்டியவர், கவுன்டருக்கு முன்னால் கைகட்டி நின்று 'கொஞ்சம் பார்த்து செய்யுங்க சார்' என்று கெஞ்சுவதைப் பார்க்க எங்களுக்கு வயிறு எரிகிறது. அவர் சலுகை கேட்கவில்லை, பணம் கொடுத்து வாங்கியதைத்தான் கேட்கிறார்.

கோபத்தில் சொல் தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பட்டறைகளிலும் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சோதித்துப் பார்க்க நேரம் கொடுங்கள். கோடை அழிக்கும் முன் ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கொடுங்கள். வாரண்டியை மறுத்தால், எந்தப் பின்னில் என்ன அளவு கண்டீர்கள் என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். கழற்றிய பழைய பார்ட்டை வண்டிக்காரரிடம் காட்டுங்கள். இந்த மூன்றையும் எல்லாக் கிளைகளுக்கும் சுற்றறிக்கையாக அனுப்பும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தனியார் பட்டறை ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள்
சென்னை