குரங்கின் மேல் பழி போடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் பிரேசில் காடுகளைப் பற்றி அரைப்பக்கக் குறிப்பு ஒன்று வந்திருந்தது. அதில் ‘குரங்குகள் பரப்பிய மஞ்சள் காய்ச்சல்’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். நெடுநாள் வாசகியான எனக்கு அந்த வரி மிகுந்த மனவருத்தத்தைத் தந்தது.

மஞ்சள் காய்ச்சலைப் பரப்புவது கொசு என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. மரப்பொந்தில் தேங்கும் நீரில் பெருகும் ஹீமகோகஸ், சபெத்தஸ் கொசுக்கள் மர உச்சியில் இருக்கும் குரங்கையும் கடிக்கின்றன, காட்டுக்குள் வேலைக்குப் போகிற மனிதரையும் கடிக்கின்றன. குரங்கிடமிருந்து நேராக மனிதருக்கு அந்த நோய் வருவதில்லை. முதலில் சாவதே குரங்குதான்.

படித்ததை மட்டும் வைத்து இதை எழுதவில்லை. 2017 தொடக்கத்தில் பிரேசிலின் மினாஸ் ஜெரைஸ் மாநிலத்தில், காப்பித் தோட்டங்கள் நிறைந்த ஓர் ஊரில் மகள் வீட்டில் தங்கியிருந்தேன். விடிகாலையில் ஊளைக்குரங்குகள் கத்துவது வீட்டுக்குள் கேட்கும். லாரி மேடேறுகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு ஒருநாள் பக்கத்துத் தோட்டத்து மரத்தடியில் ஓர் ஆண் குரங்கு செத்துக் கிடந்தது. செம்பழுப்பு முடி, பருத்த தொண்டை. வால் நுனியின் உட்புறம் மட்டும் முடியில்லாமல் நம் உள்ளங்கை மாதிரி ரேகையோடு இருந்தது. உடம்பில் ஒரு காயம் கிடையாது. சுகாதாரத் துறையினர் கையுறை, முகமூடியுடன் வந்து பரிசோதிப்பதற்காக ஈரலில் துண்டெடுத்து ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு போனார்கள். சில நாட்களிலேயே தடுப்பூசி போட ஆட்கள் வீடு வீடாக வந்துவிட்டார்கள். நான் கிண்டி கிங் நிலையத்தில் அந்த ஊசியைப் போட்டு, அதற்குச் சான்றான மஞ்சள் அட்டையோடு போயிருந்தேன். தோட்டத்துக் கூலிகளில் பலர் போட்டதே இல்லை. அவர்களைக் காப்பாற்றியது அந்தச் செத்த குரங்கு.

அதே வாரத்தில் இரண்டு பேர் துப்பாக்கியோடு காட்டுப் பக்கம் போனதையும் பார்த்தேன். குரங்குதான் நோயைக் கொண்டுவருகிறது என்று அவர்கள் பேசிக்கொண்டதை மகள் சொன்னாள். தங்கள் இதழ் அச்சிட்டிருப்பதும் அதே பேச்சுதானே ஐயா?

2016 இறுதி முதல் 2018 நடுப்பகுதி வரை பிரேசிலில் 2,100-க்கும் மேற்பட்டவர்களுக்கு அந்தக் காய்ச்சல் வந்து, 700-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். மக்களின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் பயத்தில் ரியோ டி ஜெனிரோ பக்கம் குரங்குகளைக் கல்லாலும் தடியாலும் அடித்தே கொன்றார்கள், விஷமும் வைத்தார்கள். 2008-09-ல் ரியோ கிராண்டே டோ சுல் மாநிலத்திலும் இதே கொடுமை நடந்தது. குரங்கை அடித்துப் புதைத்துவிட்டால் நோய் வருவதை முன்கூட்டிச் சொல்ல யார் இருக்கிறார்கள்? 2022-ல் குரங்கம்மை மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவியபோதும் பிரேசிலில் குரங்குகளுக்குத்தான் விஷம் வைத்தார்கள்.

உண்மையில் அந்த வைரஸை அமெரிக்கக் கண்டத்துக்குக் கொண்டுபோனது அடிமைக் கப்பல்கள். ஆப்பிரிக்கக் குரங்குகள் அதோடு நெடுங்காலம் பழகியவை, பெரும்பாலும் அதனால் சாவதில்லை. தென்னமெரிக்கக் குரங்குகளின் மூதாதைகள் ஆப்பிரிக்காவிலிருந்து பிரிந்து வந்தது சுமார் 3.5 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. வைரஸ் வந்ததோ சில நூறு ஆண்டுகளுக்கு முன்புதான். எதிர்த்து நிற்க அவற்றின் உடம்புக்கு அவகாசமே கிடைக்கவில்லை. ஊளைக்குரங்கு சில நாட்களில் செத்துவிடுகிறது. 1970-களில் சில நூறாகக் குறைந்துபோய், அரும்பாடுபட்டு 3,700 வரை பெருக்கப்பட்ட தங்கச் சிங்க டாமரின் என்னும் பிரேசிலின் சின்னஞ்சிறு குரங்குகள் இந்த ஒரு காய்ச்சலால் 2,500 ஆகக் குறைந்தன. பிறகு, கூண்டில் வாழைப்பழம் வைத்துப் பிடித்து, தடுப்பூசி போட்டு, பிடிபட்ட காட்டிலேயே திரும்ப விட்டார்கள். 2023 கணக்கெடுப்பில் 4,800 இருந்தன. மனிதர் கொண்டுபோன நோய்க்கு மனிதர் செய்த பிராயச்சித்தம் அது. அதைப் பற்றித் தங்கள் இதழில் ஒரு வரி வந்ததாக எனக்கு நினைவில்லை.

எழுத உட்கார்ந்ததால் பழைய குறைகளையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் குறிப்புக்கு நம் கோயில்களில் திரியும் நாட்டுக்குரங்கின் படத்தைப் போட்டிருந்தீர்கள். தென்னமெரிக்கக் குரங்கின் மூக்குத் துளைகள் அகன்று பக்கவாட்டில் பார்த்திருக்கும். அந்தப் படத்தைப் பார்த்தாலே அது இல்லை என்று தெரிந்துவிடும். சில ஆண்டுகளுக்கு முன் ‘உள்ளங்கையில் ஒரு செல்லம்’ என்று மார்மோசெட் குரங்கை விலையோடு போட்டீர்கள். நம் உதட்டில் கொப்புளம் உண்டாக்கும் சாதாரண ஹெர்பிஸ் வைரஸ் தொற்றினாலே அந்த ஜீவன் செத்துப்போகும், கொஞ்சுவதற்கு ஏற்றதல்ல என்று அப்போதே கடிதம் எழுதினேன். தாங்கள் வெளியிடவில்லை. அதே மார்மோசெட்டுகள் கடத்தலில் பிடிபடும் செய்திகளை மட்டும் தவறாமல் போடுகிறீர்கள். வாங்கும் ஆசையை வளர்த்ததில் நம் பத்திரிகைகளுக்குப் பங்கில்லையா?

நான் கேட்பது அதிகமில்லை. அடுத்த இதழில், அதே பக்கத்தில், ‘மஞ்சள் காய்ச்சலைப் பரப்புவது கொசு, குரங்கு அல்ல’ என்று ஒரு திருத்தம் போடுங்கள். இடமிருந்தால் ஓர் உண்மையான ஊளைக்குரங்கின் படத்தையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு நெடுநாள் வாசகி,
கோயம்புத்தூர்.