பழைய கதவுக்கும் ஊர்ப்பெயர் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

கிருஷ்ணகிரி பழையபேட்டையிலும் சுற்றுவட்டாரத்திலும் ஓட்டு வீடுகள் ஒவ்வொன்றாக இடிபடுகின்றன. இடிப்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஓடு மாற்ற ஆள் கிடைப்பதில்லை, உத்திரத்தைக் கரையான் அரிக்கிறது, பாகம் பிரிக்க வேண்டியிருக்கிறது. அதற்கப்புறம் நடப்பதுதான் எனக்கு வேதனை. நிலைக்கதவு, மரத்தூண், பித்தளை அண்டா எல்லாம் வியாபாரியின் வண்டியேறி, பெங்களூருக்கோ காரைக்குடி பழம்பொருள் கடைகளுக்கோ போய்விடுகின்றன. கஜலட்சுமி செதுக்கிய நிலை ஏதோ ஓர் உணவக வாசலில் அழகாகத்தான் நிற்கும். அது காவேரிப்பட்டணத்து வீட்டினுடையதா, தளியினுடையதா என்று அங்கே யாருக்குத் தெரியும்?

தருமபுரி அகழ்வைப்பகத்து நடுகற்களைப் பாருங்கள். ஆநிரை மீட்டு மாண்ட வீரனைப் பற்றிப் பல கற்களில் எழுத்தே இருக்கிறது. கதவிலும் உரலிலும் அப்படி எழுத்து கிடையாது. நாம் எழுதி வைத்தால்தான் உண்டு.

ஓசூர் அருகே தொரப்பள்ளியில் ராஜாஜி பிறந்த வீட்டை அரசு நினைவில்லமாகக் காக்கிறது, நல்ல காரியம். தலைவர்கள் யாரும் பிறக்காத வீட்டுக்கும் வரலாறு உண்டே! நம்முடையது ராகி விளையும் மானாவாரி பூமி. ராகி அரைத்த கல், தானியம் அளந்த வள்ளம், களி கிளறித் தேய்ந்த துடுப்பு இவற்றுக்கு வியாபாரி விலை தருவதில்லை. துடுப்பு அடுப்புக்குப் போகிறது, கல் குப்பைமேட்டுக்கு. செதுக்கிய கதவு செட்டிநாட்டிலும் கிடைக்கும். நம் மண்ணின் சாப்பாட்டையும் உழைப்பையும் சொல்லும் இந்தப் பொருள்கள்தான், என்னைக் கேட்டால், முதலில் காப்பாற்ற வேண்டியவை.

சென்னை அருகே முட்டுக்காட்டில் 1996-இல் திறந்த தட்சிணசித்ராவில், பழைய வீடுகளைக் கழற்றிக் கொண்டுவந்து மறுபடி கட்டியிருக்கிறார்கள். நமக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடுகூட வேண்டாம். இடிக்கப்போகும் வீட்டைப் பற்றித் தகவல் சொன்னால், கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்திலிருந்து ஒருவர் வந்து படமெடுத்து, முற்றத்தையும் திண்ணையையும் அளந்து, வீட்டுப் பெரியவர்கள் சொல்வதை எழுதிக்கொண்டால் போதும். உள்ளூர்க் கல்லூரி வரலாற்று மாணவர்களையும் இதில் சேர்க்கலாம். கொடுக்க மனமுள்ளவர்களிடம் பொருளை வாங்கி, ஊர்ப்பெயரும் பயன்பாடும் எழுதிய அட்டையோடு ஓர் அறையில் வைக்கலாம்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட ஆட்சியர்கள் இரண்டு பேரும் இதைக் கவனிக்க வேண்டும். அதுவரை, வீட்டை இடிக்கும் அன்பர்கள் வியாபாரியைக் கூப்பிடும் முன் பாட்டியை ஒருமுறை உட்கார வைத்துக் கேளுங்கள். எது எதற்குப் பயன்பட்டது என்று கைப்பேசியிலாவது பதிவு செய்துகொள்ளுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பழையபேட்டை, கிருஷ்ணகிரி.