கப்பலில் எந்த அறை?

ஐயா,

சொகுசுக் கப்பலில் போக ஆசைப்பட்டுப் பணம் கட்டும் நம் ஊர்க்காரர்கள், அறையை மட்டும் ஏஜென்ட் இஷ்டத்துக்கு விட்டுவிடுகிறார்கள்.

வல்லம் என்ற மீன்பிடிப் படகில் அணியத்தில், அதாவது முன்முனையில், உட்கார்ந்தால் தூக்கிப்போடும் என்பது பாம்பன் பிள்ளைகளுக்கும் தெரியும். கப்பலும் அப்படித்தான். தலைசுற்றல், குமட்டல் உள்ளவர்கள் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை கேட்க வேண்டும். மேல்தளத்து பால்கனி அறைக்குக் காசும் அதிகம், ஆட்டமும் அதிகம்.

பதிவுக்கு முன் தள வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். மேலே நீச்சல்குளத் தளம் என்றால் விடியுமுன்னே நாற்காலி இழுக்கும் சத்தம்; கீழே அரங்கம் என்றால் நள்ளிரவு வரை பாட்டு. மேலும் கீழும் அறைகளாகவே இருந்தால் தூக்கம் நிச்சயம். முன்கோடிக் கீழ்த்தளமும் வேண்டாம்: துறைமுகத்தில் கப்பலைப் பக்கவாட்டில் நகர்த்தும் த்ரஸ்டர் ஓடினால் கட்டிலே அதிரும். 'கடல் பார்த்த அறை' என்பார்கள், சன்னலுக்கு வெளியே உயிர்காப்புப் படகு தொங்கும். இடைக்கதவு வைத்த அறையில் அடுத்தவர் குறட்டை இலவசம்.

'அறை எண் பிறகு' என்ற மலிவு டிக்கெட்டில் இதில் எதையும் தேர்ந்தெடுக்க முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் வங்கக்கடல் கொந்தளிக்கும்போது அதை எடுக்கவே வேண்டாம்.

கடலோடிகள் சிலர்,
கீழக்கரை