பூட்டிய வீட்டுக்கும் ரேட்ஸ் கூடட்டும்: டர்பன் தமிழ்ச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

டர்பன் வட்டாரத் தமிழ்ச் சங்கங்களின் நிர்வாகிகளுக்கு வணக்கம்.

டர்பனை நிர்வகிக்கும் எத்தெக்வினி மாநகராட்சிக்கு ஜூலை 1-இல் நிதியாண்டு தொடங்குகிறது. அதற்கு மூன்று மாதம் முன்பே வரைவு பட்ஜெட்டை வெளியிட்டு மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும். அடுத்த முறை கேட்கும்போது, ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்கு ரேட்ஸை, அதாவது சொத்து வரியை, கூட்டச் சொல்லிச் சங்கங்கள் சார்பில் எழுதித் தாருங்கள்.

"இருக்கிற ரேட்ஸே கட்ட முடியவில்லை, இதில் இன்னொன்றா?" என்பீர்கள். குடியிருக்கும் வீட்டைப் பற்றி நான் பேசவில்லை. நம் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் பெற்றோர் காலமான பிறகு பங்கு பிரியாமல் நிற்கும் வீடுகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒரு பிள்ளை ஜோஹன்னஸ்பர்க்கில், இன்னொன்று ஆஸ்திரேலியாவில். முதலில் செம்புக் குழாய் திருடு போகும், அப்புறம் கதவு ஜன்னல், கடைசியில் போதைக் கும்பல் உள்ளே வரும். அதே தெருவில் கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் அடுத்தவர் வீட்டுப் பின்கட்டு அவுட்பில்டிங்கில் வாடகைக்கு இருக்கும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் வீடிழந்தவர்கள் சமுதாயக் கூடங்களில் தங்கியதும் இதே ஊரில்தான்.

விற்க மனம் வராததும் புரிகிறது. டர்பன் நகராட்சியின் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பாரக்ஸிலிருந்து பெயர்த்தெடுத்து இங்கே தள்ளப்பட்ட தாத்தா பாட்டிகள் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சொந்தமாக்கிய வீடுகள் அவை. விற்க வேண்டாம், வாடகைக்கு விடலாமே.

வெற்று மனைக்கு நம் மாநகராட்சி இப்போதே வீட்டைவிட அதிக விகிதத்தில் வரி போடுகிறது. மனையைச் சும்மா வைத்திருந்தால் அதிகம், வீட்டைச் சும்மா வைத்திருந்தால் குறைவு. இதில் என்ன நியாயம்? 2004-ஆம் ஆண்டுச் சொத்து வரிச் சட்டப்படி, தகுந்த காரணம் காட்டி அமைச்சரின் அனுமதி பெற்றால் குடியிருப்பு வகைக்குள்ளேயே துணை வகை உருவாக்கலாம். கனடாவின் வான்கூவர் நகரம் 2017-இல் காலி வீட்டு மதிப்பில் 1 சதவீதம் வரி என்று தொடங்கி, 2021-இல் அதை 3 ஆக்கியது. அங்கே வீட்டில் ஆள் இருக்கிறதா என்று உரிமையாளரே ஆண்டுதோறும் அறிவிக்க வேண்டும். இங்கே தண்ணீரும் மின்சாரமும் தருவதே மாநகராட்சிதான், மீட்டரைப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

விலக்குகள் கண்டிப்பாக வேண்டும். வாரிசுச் சொத்து விவகாரம், இறந்தவர் சொத்துகளை மேற்பார்க்கும் மாஸ்டர் அலுவலகத்தில் இழுத்துக்கொண்டிருந்தால் வாரிசுகளைத் தண்டிக்கக் கூடாது. பழுது பார்க்கும் வீடு, முதியோர் இல்லத்தில் சேர்ந்தவரின் வீடு இவற்றுக்கும் அவகாசம் தர வேண்டும். வசூலாகும் பணம் பொதுக் கணக்கில் கரைந்துவிடாமல் வாடகை வீடு கட்டவே போக வேண்டும். இதை எழுத்தில் வாங்காமல் ஆதரிக்காதீர்கள்! மாநகராட்சி தன் சொந்தக் காலிக் கட்டடங்களின் பட்டியலையும் அதே நாளில் வெளியிடச் சொல்லுங்கள்.

அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இதைப் பேச எடுங்கள். மனுவின் வரைவைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் நானே எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
சாட்ஸ்வொர்த்தில் வாடகை வீட்டில் இருக்கும் ஒரு சங்க உறுப்பினர்