அப்பாவுக்கு, மர மீன் செய்வது பற்றி

தம்பெரே, பின்லாந்து
மார்ச் மாதம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்கள், அம்மா, பாட்டி எல்லோரும் நலம்தானே? போனில் பேசினால் முக்கால்வாசி நேரம் அம்மாவுக்கே போய்விடுகிறது. உங்கள் கைக்கு வந்ததும் "சாப்பிட்டியா, குளிரா இருக்கா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் இதை எழுதியே அனுப்புகிறேன். பட்டறையில் உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள். விஷயம் மர வேலை சம்பந்தப்பட்டது.

முதலில் நீங்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விக்குப் பதில்: ஆமாம், குளிராக இருக்கிறது. நம் நீலகிரி எமரால்டில் ஜனவரி உறைபனியில் உருளைக்கிழங்குச் செடி கருகுவதைப் பார்த்து வளர்ந்தவள் என்பதால் தைரியமாகத்தான் வந்தேன். இங்கே மைனஸ் இருபதை யாரும் பெரிதாகப் பேசுவதே இல்லை. குளிரைவிட இருட்டுதான் கஷ்டம். டிசம்பரில் காலை ஒன்பதரை தாண்டித்தான் வெளிச்சம் வரும், மதியம் மூன்றுக்கெல்லாம் விளக்குப் போட வேண்டும். முதியோர் இல்லத்தில் காலை ஷிப்ட் முடித்து வெளியே வந்தால் ராத்திரி ஆகியிருக்கும். ஊருக்கு வடக்கே ஒரு ஏரி, தெற்கே ஒரு ஏரி. வடக்கு ஏரி தெற்கு ஏரியைவிட 18 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து நடு ஊர் வழியாக இறங்கி ஓடும் தண்ணீரை நம்பித்தான் பஞ்சாலைகளும் காகித ஆலைகளும் வந்து இந்த ஊரே உண்டானது. குந்தா பவர் ஹவுஸ் பார்த்து வளர்ந்த நமக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை.

இருட்டு மாதங்களில் வீட்டில் தனியாக அடைந்து கிடக்காதே என்று கூட வேலை செய்யும் அக்கா ஒருவர்தான் மாலை நேர வகுப்பில் சேர்த்துவிட்டார். பெரியவர்களுக்காக இங்கே ஊருக்கு ஊர் அப்படிப் பள்ளி இருக்கிறது. தையல், மொழி, பாட்டு, தச்சு, எது வேண்டுமானாலும் படிக்கலாம். நான் மொழி வகுப்போடு இன்னொன்றும் சேர்ந்தேன். மரத்தில் மீன் செதுக்கி, வர்ணம் அடித்து, தூண்டிலில் கட்டி வீசும் வகுப்பு. பட்டறைக் கதவைத் திறந்ததும் வந்த மரத்தூள் வாசனைக்கே அங்கே நின்றுவிட்டேன், அப்பா. ஆசிரியருக்கு உங்களைவிட வயது கூட. அவரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டுமாம், அதுதான் இங்கே வழக்கம். எனக்கு இன்னும் வாய் வரவில்லை.

ஏன் மரத்தில் மீன் என்று கேட்பீர்கள். நம் பக்கத்துக் கெண்டை அடியில் மேய்கிற மீன். அதற்கு மைதா உருண்டையோ மண்புழுவோ போதும். இந்த ஊர் ஏரிகளில் இருக்கும் பைக் என்ற மீன் வேட்டைக்காரன். வாய் நிறையப் பல். புல்லுக்குள் அசையாமல் நின்று, சின்ன மீன் பக்கத்தில் வந்ததும் பாய்ந்து கவ்வும். மீட்டர் நீளத்துக்கும் வளரும். அதை ஏமாற்ற உயிர் இரை தேவையில்லை. உயிருள்ளது மாதிரி நீந்துகிற ஒன்று இருந்தால் போதும். புழு கோத்துத் தூண்டில் போடவும், பனிக்கட்டியில் ஓட்டை போட்டு உட்கார்ந்து பிடிக்கவும் கட்டணம் கிடையாது, யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம். ரீல் தூண்டிலில் பொய் மீன் கட்டி வீசுவதென்றால் மட்டும் அரசுக்குக் கட்டணம் கட்ட வேண்டும். மீன்வளத்துக்கே அந்தப் பணத்தைச் செலவழிக்கிறார்கள்.

இந்த வேலைக்கு இங்கே ஒரு மூதாதையர் இருக்கிறார். லௌரி ரபாலா என்று பெயர். ரபாலா என்று பெயர் போட்டுப் பொய் மீன்களை உலகம் முழுக்க விற்கிறார்களே, அந்த ரபாலாதான். ஏரியில் மீன் பிடித்துப் பிழைத்த ஏழை. படகில் இருந்து தண்ணீரைப் பார்த்துப் பார்த்து ஒன்றைக் கண்டுகொண்டார்: கூட்டமாகப் போகும் குஞ்சுகளில் நொண்டியடிக்கிற ஒன்றைத்தான் பெரிய மீன் தேடிப் பிடிக்கிறது. அந்த நொண்டலைக் கையால் செய்துவிட முடியுமா என்று பார்த்தார். 1936-இல், செருப்புத் தைக்கும் கத்தியால் தக்கையைச் செதுக்கி, உப்புத்தாள் போட்டு, சாக்லேட் சுற்றி வரும் ஈயத்தாளை மேலே ஒட்டினார். வார்னிஷுக்குக் காசில்லை. பழைய போட்டோ நெகட்டிவை உருக்கி அதையே பூசினார். யுத்த காலத்தில் தக்கை கிடைக்காதபோது பைன் மரப் பட்டையைச் செதுக்கினாராம். பிறகுதான் மிக இலேசான பால்சா மரம் வந்தது. எங்கள் ஆசிரியர் இன்னும் பைன் பட்டையில்தான் முதல் மீனைச் செய்யச் சொல்கிறார். அந்தப் பட்டை தடிமனாக, நகம் பட்டாலே பதிகிற அளவுக்கு மெதுவாக இருக்கும்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. ஆமாம், நீங்கள் செய்ய வேண்டும் என்றுதான் இவ்வளவும் எழுதுகிறேன். கண் பார்வை குறைந்ததால் கதவு, நிலை வேலையெல்லாம் தம்பியிடம் விட்டுவிட்டு வெறுமனே உட்கார்ந்திருப்பதாக அம்மா சொன்னார். இது உள்ளங்கைக்குள் அடங்கும் வேலை. கண்ணைவிட விரலுக்குத்தான் இதில் வேலை அதிகம்.

மரம் இலேசாக இருக்க வேண்டும். சில்வர் ஓக், கற்பூர மரம் எல்லாம் வேண்டாம், கனம். கல்யாண முருங்கை அல்லது இலவம் எடுங்கள். மேட்டுப்பாளையம் சித்தப்பாவிடம் சொன்னால் அனுப்பிவைப்பார். நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஜூன், ஜூலை மூடுபனியில் தொடங்கவே தொடங்காதீர்கள், மரம் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். இப்போது வெயில் காலம், சரியான நேரம். நீளம் மூன்றரை அங்குலம், உயரம் ஆறு நூல் (முக்கால் அங்குலம்), கனம் நாலு நூல் (அரை அங்குலம்). ரேகை நீளவாக்கில் ஓடட்டும்.

கட்டை சதுரமாக இருக்கும்போதே சுற்றிலும் நடுக்கோடு போட்டுவிடுங்கள். முகத்தில் உதடு, அதாவது வாய்க்கடியில் நீட்டி நிற்கும் சின்னத் தகடு, செருகும் காடியையும் வயிற்றில் கம்பி இறங்கும் காடியையும் அப்போதே அறுத்துவிட வேண்டும். உருட்டிய பிறகு அறுத்தால் வாளை ஒட்டிப் பிடிக்க நேர் விளிம்பு இருக்காது. உதடு மயிரிழை கோணினாலும் மீன் தண்ணீரில் பக்கவாட்டில் சாய்ந்து சுற்றும். வகுப்பில் இருக்கும் பஸ் டிரைவரும் பள்ளி ஆசிரியையும் முதலில் அழகாக மீன் உருவம் செதுக்கத்தான் ஆசைப்பட்டார்கள். நான் நடுக்கோட்டைப் போட்டு, மூலைமட்டம் வைத்துக் காடி எடுத்ததைப் பார்த்து ஆசிரியர் எல்லோரையும் என் மேசைக்குக் கூப்பிட்டார். எங்கே கற்றாய் என்றார். எங்கள் அப்பா தச்சர் என்று அவர்கள் மொழியிலேயே சொன்னேன். எனக்கு அன்றைக்கு முழுக்க அதே சந்தோஷம்தான்.

கம்பி ஒரே துண்டாக இருக்கட்டும். ஒரு மில்லிமீட்டர் எவர்சில்வர் கம்பியை மூக்கில் ஒரு வளையம், வயிற்றில் ஒன்று, வாலில் ஒன்று என்று வளைத்து, வயிற்றுக் காடிக்குள் வைத்து எபாக்சிப் பசையால் ஒட்டுங்கள். பைக் கடித்து மரமே பிளந்தாலும் தூண்டில் முள்ளும் நரம்பும் கம்பியில் நிற்கும்.

வயிற்றில் எடை வேண்டும். எடை கீழே இருந்தால்தான் மீன் மல்லாந்துவிடாமல் நிமிர்ந்து நிற்கும். ஆனால் அதிகமானால் ஆட்டம் செத்துவிடும். ஈயக்குண்டு போட வேண்டாம் அப்பா. அறுந்து தண்ணீரில் போனால் பறவைகளுக்கு நஞ்சு. பித்தளைத் திருகாணியைத் துண்டாக அறுத்துப் போடுங்கள். எங்கே போடுவது என்பதைப் பக்கெட் சொல்லும். முட்களை மாட்டி, எடையை ரப்பர் பேண்டால் வயிற்றில் கட்டி, தண்ணீரில் மிதக்கவிட்டு முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். முதுகு மேலே, வால் லேசாகத் தாழ்ந்து மிதக்கும் இடம் வரும். அங்கே துளை போடுங்கள்.

உதடுதான் மீனுக்கு உயிர். இழுக்கும்போது தண்ணீர் உதட்டில் மோதி ஒரு பக்கமாக வழியும், மீன் சாயும். வயிற்று எடை அதை நிமிர்த்தும். உடனே மறுபக்கம் வழியும். ரபாலா பார்த்த நொண்டல் இதுதான். உதடு செங்குத்தாக இருந்தால் மேலாகவே அகலமாக ஆடிக்கொண்டு வரும். நீளமாக, முன்னோக்கிப் படுத்திருந்தால் ஆழத்துக்குப் போகும். இங்கே பாலிகார்பனேட் தகடு வாங்குகிறோம். நீங்கள் வாங்க வேண்டாம், பீரோ மேலே கிடக்கும் பழைய பாட்டு சிடி அதே பொருள்தான். 1.2 மில்லிமீட்டர் கனம் இருக்கும், சின்ன மீனுக்குத் தாராளம். கத்தரிக்கோலால் வெட்டினால் விரிசல் விடும். மெல்லிய வாளால் அறுத்து அரத்தால் ராவுங்கள்.

வர்ணத்துக்கு முன்னால் மரத்தை முழுவதும் அடைக்க வேண்டும். ஊசிமுனை அளவு இடத்தில் தண்ணீர் இறங்கினாலும் மரம் ஊதி வர்ணம் வெடிக்கும். இரண்டு மூன்று கை வார்னிஷ், ஒவ்வொன்றுக்கும் நடுவில் நைஸ் உப்புத்தாள், அப்புறம் வெள்ளை பிரைமர்.

வர்ணம் அடிக்கிற நாள்தான் எனக்குப் பிடித்த நாள். நிஜ மீனைக் கையில் வைத்துப் பாருங்கள்: முதுகு கறுப்பு, பக்கம் வெள்ளி, வயிறு வெள்ளை. மேலிருந்து பார்த்தால் ஆழத்தின் இருட்டோடும், கீழிருந்து பார்த்தால் வானத்தோடும் கலந்துவிடும். அடிக்கும்போது வயிற்றிலிருந்து மேலே போக வேண்டும், வெளிறிய நிறம் முதலில், முதுகு கடைசியில். ஒரு நிறம் இன்னொன்றில் கரைய வேண்டும், கோடு தெரியக் கூடாது. செதிலுக்கு என் பழைய நெட் துப்பட்டாவை வெட்டினேன். அதை மீன்மேல் இறுக்கிச் சுற்றிக் கிளிப் போட்டு, மேலே பச்சையை மெல்லிசாகப் புகைமாதிரி அடித்தேன். காய்ந்ததும் வலையை உரித்தால் அடியில் இருந்த வெள்ளிமேல் வரிசை வரிசையாகச் செதில்! பக்கத்து மேசைக்காரர் எழுந்து வந்து பார்த்துவிட்டு ஒரு துண்டு கேட்டு வாங்கிப் போனார். பேச்சுக் குறைவான மனிதர்கள் இவர்கள். அந்தத் துண்டைக் கேட்டதே பெரிய விஷயம்.

இந்த ஏரிகளின் தண்ணீர் பல இடங்களில் பால் விடாத டீயின் நிறம். காட்டுச் சதுப்பில் இலைதழை மக்கி இறங்கிய சாயம் அது. அதில் நீலம் எடுபடாது. ஆரஞ்சும் செம்பும் மஞ்சளும்தான் தெரியும். அதனால் இங்கே பெர்ச் மீன் மாதிரி அடிப்பது வழக்கம்: பாசிப் பச்சை முதுகு, பக்கத்தில் கறுப்புப் பட்டைகள், வயிற்றடியில் ஆரஞ்சு. பெர்ச்தான் இந்த நாட்டின் தேசிய மீன். பைக்குக்கும் அதுவே சாப்பாடு. நம் அவலாஞ்சித் தண்ணீர் தெளிவு. அங்கே இந்த ஆரஞ்சு கண்ணை உறுத்தும், வெள்ளியும் சாம்பலும் போதும்.

கடைசியில் கண் வைத்து, மேலே எபாக்சிப் பூச்சு. இரண்டு பாகத்தையும் சரிபாதி அளந்து நிதானமாகக் கலக்குங்கள், குமிழி வந்தால் வாயால் ஊதினாலே உடையும். பூசிய மீனை அப்படியே தொங்கவிட்டால் பூச்சு வழிந்து வாலில் சொட்டாக நின்றுவிடும். கெட்டியாகும்வரை சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பழைய மைக்ரோவேவில் தட்டைச் சுழற்றும் மோட்டார் நிமிடத்துக்கு ஐந்தாறு சுற்றுதான் சுற்றும், அதற்கென்றே செய்தது மாதிரி. ஊட்டியில் ரிப்பேர் கடையில் கேட்டால் கிடைக்கும். கரண்ட் இணைப்பை மட்டும் தம்பி கொடுக்கட்டும்.

தண்ணீரில் இழுத்துப் பார்க்கும்போது மீன் உங்கள் இடப்பக்கமாகவே ஓடினால், மூக்கு உங்களைப் பார்க்க வைத்துக்கொண்டு மூக்கு வளையத்தைக் கொறடால் உங்கள் வலப்பக்கம் ஒரு பொட்டு வளையுங்கள். ஒரு பொட்டுதான். ரபாலா மீன்களைத் தொட்டியில் நீந்தவிட்டுக் கையால் இப்படிச் சரிசெய்த பிறகே பெட்டிக்குள் வைப்பார்கள்.

நம் ஊரில் டிரவுட் என்ற குளிர்நீர் மீன் இருக்கிறது என்று வகுப்பில் சொன்னபோது யாரும் நம்பவில்லை. பூமத்தியரேகையிலிருந்து 11 டிகிரியில் டிரவுட்டா என்று வரைபடத்தை எடுத்து வந்தார்கள். 1863-இல் மீன் ஆய்வாளர் பிரான்சிஸ் டே கொண்டுவந்து பிழைக்காமல் போனதையும், பிறகு வில்சன் என்பவர் முயன்று 1907-இல் அவலாஞ்சியில் மீன்குஞ்சு பொரிப்பகம் வந்ததையும் சொன்னேன். பள்ளியில் அங்கே அழைத்துப் போனது நல்லதாயிற்று. உங்கள் மீனை அவலாஞ்சியில் போட வேண்டுமென்றால் அனுமதி வாங்கித்தான் போட வேண்டும், காட்டுக்குள் சும்மா போகாதீர்கள். முதல் மீனைச் சித்தப்பாவிடம் கொடுங்கள். அவர் பக்கத்துக் குளங்களில் விரால் இருக்கிறது, அது மேலாக ஆடி வருவதைக் கண்டால் சும்மா விடாது. அதற்கு உதட்டைச் செங்குத்தாக வையுங்கள்.

ஏரியின் பனிக்கட்டி உடைந்து தண்ணீர் தெரிய மே மாதம் ஆகிவிடும். அதற்குள் ஒன்று செய்து, அம்மா அனுப்பும் இட்லிப்பொடியோடு வைத்து அனுப்பினால் இங்கே நான் வீசிப் பார்த்து வீடியோ அனுப்புகிறேன். முள் மாட்டாமல் அனுப்புங்கள், பார்சலைப் பிரிப்பவர் கையில் குத்தும். கம்பி நான் இங்கிருந்து அனுப்புகிறேன். வாலை எவ்வளவு மெலிதாக இழைத்தீர்கள், எடையை மூக்கிலிருந்து எத்தனை நூல் தள்ளி வைத்தீர்கள் என்று பென்சிலால் ஒரு தாளில் குறித்துக் கூடவே வையுங்கள். ஆசிரியர் அதையும் பார்க்க வேண்டும் என்கிறார்.

அன்புடன்,
உங்கள் மகள்