நாவலைத் திகதியோடு வாசித்தல்

ஆசிரியர் அவர்களுக்கு,

அரசியல் நாவல்கள் பற்றி உங்கள் இதழில் வரும் நூல் அறிமுகங்கள் பெரும்பாலும் எழுத்தாளர் எந்தப் பக்கம் நின்றார் என்ற கேள்வியோடு முடிந்துவிடுகின்றன. வன்னியில் இந்த நாவல்களைக் கையிலெடுக்கிற பிள்ளைகளுக்கு அது போதாது. போர் முடிந்த பிறகு பிறந்தவர்கள் இப்போது உயர்தரம் படிக்கிற வயதை எட்டுகிறார்கள். அவர்களோடு சேர்ந்து வாசித்து வருகிறவர்கள் என்ற முறையில், எப்படி வாசித்தால் நாவல் திறக்கிறது, எங்கே பிசகுகிறது என்பதை எழுதுகிறோம்.

முதல் வேலை, கதை நடக்கும் காலத்தை நிச்சயப்படுத்துவது. நூல் வெளிவந்த ஆண்டு வேறு, கதையின் ஆண்டு வேறு. பல நாவலாசிரியர்கள் ஆண்டைச் சொல்வதில்லை. சனம் நடக்கிற திசையை வைத்துக் கண்டுபிடிக்கலாம். நாவற்குழிப் பாலத்தில் நெரிபட்டுத் தென்மராட்சிக்குப் போய், பிறகு கிளாலியில் வள்ளம் ஏறினால் அது 1995 ஒக்டோபர் 30இல் தொடங்கிய பெயர்வு. கிளிநொச்சி நகரை விட்டு அக்கராயன், ஸ்கந்தபுரம் பக்கம் போனால் 1996. ஓமந்தை, புளியங்குளம் பக்கத்துச் சனம் எழும்பினால் 1997 மே மாதம் தொடங்கிய ஜெயசிக்குறு இராணுவ நடவடிக்கை. மன்னார்ப் பக்கமிருந்து கிழக்கே கிளிநொச்சி, தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு, மாத்தளன் என்று நகர்ந்தால் 2008–2009.

இதைப் பிரித்தறியாமல் வாசிப்பவர் எல்லாவற்றையும் ஒரே ஓட்டமாக எண்ணிக்கொள்வார். 1996இல் கிளிநொச்சியை விட்டுப் போனவருக்குத் திரும்பி வரலாம் என்ற நினைப்பு இருந்தது. 1998 செப்ரெம்பரில் நகரம் இராணுவத்திடமிருந்து மீண்டும் புலிகளிடம் கைமாறிய பிறகு திரும்பியவர்களும் உண்டு. 2008இல் புறப்பட்டவர்கள் கூரைத் தகடு, கதவு, யன்னல் நிலை எல்லாம் கழற்றி உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றினார்கள். போகப் போக ஒவ்வோரிடத்திலும் ஒவ்வொன்றாக விட்டார்கள். நல்ல நாவலாசிரியர் இந்தச் சாமான்களின் கணக்கைத் தவறவிடுவதில்லை. அத்தியாயத்துக்கு அத்தியாயம் அந்தக் குடும்பத்திடம் என்ன மிஞ்சியிருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தால், பாத்திரத்தின் மனம் எங்கே முறிந்தது என்பது தெரியும். தமிழ்க்கவியின் ‘ஊழிக்காலம்’ (2013) நாவலை இப்படித்தான் வாசிக்க வேண்டும் என்பது எங்கள் எண்ணம்.

அடுத்தது, அரசியலைப் பேச்சில் தேடாமல் அடுப்படியிலும் வயலிலும் தேடுவது. மேடைப் பேச்சும் துண்டுப்பிரசுரமும் வரும் பக்கங்களை மட்டும் அரசியல் என்று குறித்துக்கொள்கிறார்கள். 1970க்கும் 1977க்கும் இடையில் மிளகாய், வெங்காய இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. முத்தையன்கட்டிலும் விசுவமடுவிலும் காணி பெற்ற படித்த வாலிபர்கள் மிளகாயில் காசு கண்டது அந்தக் காலத்தில்தான். 1977க்குப் பின் இறக்குமதி திறந்துவிடப்பட, விலை விழுந்தது. அந்தக் காலத்துக் கதையொன்றில் 1975இல் கல்வீட்டுக்கு அத்திவாரம் போட்டவன் 1979இல் பாதிச் சுவரோடு நிறுத்தினால், அவனைச் சோம்பேறி என்று வாசிக்கக் கூடாது. அந்தச் சுவரை நிறுத்தியது கொழும்பில் மாறிய ஆட்சி.

அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த குடியேற்றக் காணியும் அப்படித்தான். 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில், பின்னுரித்தாளரைப் பெயர் குறிக்காமல் ஒருவர் இறந்தால் பிள்ளைகளில் ஆண்களே முன்வரிசை என்று இருந்தது. குடியேற்றத் திட்டக் கிராமத்தில் நடக்கும் கதையில் தமையனும் தங்கையும் ஏன் முகம் பார்க்காமல் போனார்கள் என்பதற்கு அந்த வரிசை விடையாக இருக்கலாம். அந்தப் பக்கத்தில் கட்சியின் பெயர்கூட வந்திராது. 1990களில் அரசு வடக்குக்கு விதித்த பொருளாதாரத் தடையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பற்றரியும் எரிபொருளும் தடுக்கப்பட்டிருந்ததைச் சொன்னால் போதும். மண்ணெண்ணெயில் ஓடும் மோட்டார் சைக்கிளும், சைக்கிள் டைனமோவில் செய்தி சொல்லும் வானொலியும் ஏன் கதையில் வருகின்றன என்று பிள்ளைகள் தாங்களே பிடித்துவிடுகிறார்கள்.

சில நாவல்களுக்குள் அரசியல் பிறகுதான் வந்து சேர்கிறது. அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ வீரகேசரி வெளியீடாக 1973இல் வந்தது. தண்ணிமுறிப்புக் காடும் வயலும் அங்கே வாழ்கிற சிலரின் ஆசாபாசங்களுமே கதை. ஆனால் 1984 இறுதியில் தண்ணிமுறிப்பும் அதனை அண்டிய கிராமங்களும் வெறுமையாக்கப்பட்டன. இன்றைக்கு அதை வாசிப்பவருக்கு ஒவ்வொரு மரத்தின் பெயரும் ஆவணமாகிறது. இது எழுத்தாளர் எண்ணி எழுதியதல்ல. ஆனாலும் வாசிப்பின் பகுதிதான். இரண்டையும் பிரித்துச் சொல்லப் பிள்ளைகளைப் பழக்க வேண்டும்.

வெளியிலிருந்து வந்த அடியை மட்டும் அரசியல் என்று எண்ணுவது பெரிய பிசகு. சாதியின் பேரால் பொது இடங்களில் மறிப்பதைக் குற்றமாக்கிய சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இல் வந்தது. அதற்குப் பிறகும் தேநீர்க் கடையில் வேறு குவளை இருந்தது. கே. டானியலின் ‘பஞ்சமர்’ (1972) அந்த இடைவெளியில்தான் நிற்கிறது. கோவிந்தனின் ‘புதியதோர் உலகம்’ (1985) ஓர் இயக்கத்துக்குள் நடந்ததை உள்ளே இருந்தவரே எழுதியது. வெளியே போகப் புலிகளிடம் அனுமதி எடுக்க வேண்டியிருந்த பாஸ் நடைமுறை, அவர்களின் கட்டாய ஆட்சேர்ப்பு, 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்களை அவர்கள் வெளியேற்றியது ஆகியன வரும் பக்கங்களை வாசகர் வட்டங்கள் அவசரமாகப் புரட்டிவிடுகின்றன. அந்தப் பக்கங்களில் நிற்காவிட்டால் மற்றப் பக்கங்களையும் நேர்மையாக வாசிக்க முடியாது.

வட்டம் நடத்துகிறவர்களுக்குச் சில சொல்ல வேண்டும். 10 பேருக்கு 3 பிரதியாவது வேண்டும். ஒரே பிரதி சுற்றினால் இரண்டாம் கிழமையே ஆட்கள் நின்றுவிடுவார்கள். 300 பக்க நாவலை நான்கு கிழமைக்குப் பிரியுங்கள். ஒவ்வொருவரும் கொப்பித் தாளில் மூன்று நிரல் கீறட்டும். முதலாவதில் பக்க எண், இரண்டாவதில் பாத்திரத்துக்கு என்ன செய்ய நேர்ந்தது, மூன்றாவதில் அதற்குக் காரணமான முடிவு யாருடையது. காதலும் பொறாமையும் பசியும் சில இடங்களில் மூன்றாவது நிரலை வெறுமையாக விட்டுவிடும். விடட்டும். 300 பக்கத்திலும் அந்த நிரல் நிரம்பி வழிந்தால், அந்தப் பாத்திரங்களுக்குச் சொந்தமாக ஒன்றுமில்லை என்று பொருள். அப்படிப்பட்ட நாவல் எவ்வளவு நல்ல நோக்கத்தோடு எழுதப்பட்டிருந்தாலும் நாவலாகத் தோற்றுவிட்டது.

மூன்றாம் கூட்டத்தில் வழமையாகச் சண்டை வரும். யார் பிழை விட்டது என்ற வாதம் எழும்பும், புத்தகம் ஓரத்துக்குப் போய்விடும். பக்க எண் சொல்லாமல் யாரும் கதைப்பதில்லை என்று முதல் நாளே பொருந்திக்கொண்டால் அது பாதியாகக் குறைகிறது. பாத்திரம் சொன்னதை எழுத்தாளர் சொன்னதாக எடுக்கக் கூடாது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். கைபேசியில் பதிவுசெய்ய விடாதீர்கள். பதிவாகிறது என்று தெரிந்தால் கதைக்க வேண்டியவர் வாய் திறக்கமாட்டார்.

இதைக் கட்டாயம் கவனியுங்கள். இறுதிப்போர் அத்தியாயங்களை முன்னறிவிப்பில்லாமல் உரத்து வாசிக்கக் கூடாது. வட்டத்தில் இருக்கும் ஒருவரின் வீட்டில் இறந்தவர்களோ காணாமற்போய் இன்னும் தேடப்படுகிறவர்களோ இருப்பார்கள். எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் வரை என்று முந்திய கிழமையே சொல்லிவிட்டு, விரும்பாதவர் அந்தக் கிழமை வராமல் விட இடம் கொடுங்கள். ஏன் வரவில்லை என்று கேட்க வேண்டாம்.

பொது நூலகங்களில் தமிழ்ப் புனைகதை எல்லாம் 894.8113 என்ற நூற்பகுப்பு எண்ணின் கீழ் ஆசிரியர் பெயர்ப்படி நிற்கிறது. அதை மாற்ற வேண்டியதில்லை. கதை நடக்கும் காலப்படி ஒரு பட்டியலை அச்சிட்டு இறாக்கையின் பக்கத்தில் ஒட்டினால் போதும், எதற்குப் பிறகு எதை எடுப்பது என்று பிள்ளைக்குத் தெரியும். கிடைக்காத பழைய நாவல்களில் பலவற்றை நூலகம் நிறுவனத்தின் இணையத்தளத்தில் இலவசமாக வாசிக்கலாம்.

உங்களிடம் கேட்பது இரண்டு. நூல் அறிமுகத்தில் வெளியீட்டு ஆண்டுக்குப் பக்கத்தில் கதை நடக்கும் ஆண்டுகளையும் இடங்களையும் போடுங்கள். தறப்பாள், பங்கர், பாஸ், கூப்பன் போன்றவை புதிய வாசகருக்கு விளங்க, ஐந்தாறு வரியில் குறிப்பும் சேருங்கள். மதிப்புரைக்கு ஒதுக்கும் இடத்தில் கால்வாசி குறைந்தாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
வாசகர் வட்டத்தார் சிலர்,
கிளிநொச்சி.